மகளுக்கு டார்கெட் ரைஃபிள்: எதை வாங்குவது, எந்த பெல்லட், சைலன்சர் போடலாமா?

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை · தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் என்சிசி. போன கேம்ப்பில் பாயிண்ட் 22 ரைஃபிளைக் கொடுத்து ஐந்து ரவுண்டு சுடச் சொன்னார்களாம். ஐந்தும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்திருக்கிறது. ஹவில்தார் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்பதெல்லாம் இப்போது எனக்கும் மனப்பாடம்.

சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. எந்த ரைஃபிள் வாங்கலாம்? குண்டு எது நல்லது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். மொட்டை மாடியில் பத்து மீட்டர் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இருதயக் கோளாறு. சைலன்சர் மாட்டினால் சத்தம் வராதாமே? போட்டிகளில் எடுத்த படங்களிலும் துப்பாக்கி முனையில் தடிமனாக ஒரு குழாய் தெரிகிறது. அது சைலன்சர்தானே?

பத்து மீட்டர் · பெரம்பூர்

வாழ்த்துகள் சார். முதலில் எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள், துப்பாக்கி அப்புறம்.

பாயிண்ட் 22 வெடிமருந்துத் துப்பாக்கி. சொந்தமாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகள் அதைச் சுட வேண்டுமென்றால் கிளப்பில் சேர்ந்து, அவர்கள் ரைஃபிளை, அவர்கள் ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுடலாம். அதுவும் நல்ல வழிதான்.

வீட்டில் வைத்துப் பழக வேண்டுமென்றால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. பேரல் (குண்டு பாயும் குழாய்), 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. அடையாள அட்டை கொடுத்து, பில்லோடு வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 20 ஜூல் வரை அனுமதி என்றதும் 20 ஜூல் துப்பாக்கியையே தேடுகிறார்கள். ஒலிம்பிக்கில் சுடும் மேட்ச் ரைஃபிளின் சக்தி ஏழரை ஜூல் சொச்சம்தான். அரை கிராம் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், வினாடிக்கு 170 மீட்டர். அவ்வளவே.

ஸ்பீடு சிவா

170 மீட்டரா? என் ஸ்பிரிங் கன் ஆயிரம் அடி வேகம். மேலே ஒரு டெலஸ்கோப் மாட்டினால் கொசுவின் காலைக்கூடப் பார்க்கலாம். பதினைந்தாயிரத்தில் வேலை முடிந்தது. எதற்கு ஒன்றரை லட்சம்?

பத்து மீட்டர் · பெரம்பூர்

தம்பி, பார்ப்பது வேறு, அடிப்பது வேறு. பத்து மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டால் பத்து. கணக்குப் போட்டால், பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். பத்திலும் உச்சமான 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள். இதை நின்றுகொண்டு அறுபது தடவை செய்ய வேண்டும். முழு மதிப்பெண் 654.

ஸ்பிரிங் துப்பாக்கியில் டிரிக்கரை அழுத்தியதும் உள்ளே கனத்த பிஸ்டன் முன்னால் பாய்ந்து மோதும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் ரைஃபிளே குதித்துவிடும். அழுத்திய காற்றில் இயங்கும் மேட்ச் ரைஃபிளில் ஒரு சின்ன வால்வு திறந்து மூடுகிறது, அவ்வளவுதான்; தோளில் ஒன்றுமே தெரியாது. நாம் காசு கொடுப்பது வேகத்துக்கு இல்லை, அந்த அசைவின்மைக்கு. டெலஸ்கோப்புக்கு இந்த ஆட்டத்தில் இடமே கிடையாது. பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம், நடுவில் கறுப்பு வட்டம். கண் அதற்குப் பழக வேண்டும்.

ஸ்பீடு சிவா

சரி சரி, கொசு பிழைத்துப் போகட்டும்.

பழைய ரைஃபிள் · ராயபுரம்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இந்த விஷயத்தில் என் கை சுட்டிருக்கிறது.

இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தப்பு, ஆசைப்பட்ட மறுநாளே வாங்கியது. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் என்று பெயர்களைக் கேட்டதும் கண் மயங்கிப் போகும். நாலுமே அருமையான ரைஃபிள்கள். இன்றைக்கு எந்த மேட்ச் ரைஃபிளின் பேரலும் நம்மைப் போன்றவர்கள் சுடும் திறமையைவிட மேல்தான். அதனால் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மகளைக் கிளப்பில் சேர்த்து மூன்று மாதம் அங்குள்ள ரைஃபிள்களையே சுடச் சொல்லுங்கள். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, உங்களுக்குப் பெரிய தூரமில்லை. அந்த மூன்று மாதத்தில் சில விஷயம் தெரிந்துவிடும். முதலாவது, எந்தக் கண் ஆதிக்கக் கண். கை நீட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். வலக்கைக்காரிக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் பயிற்சியாளரிடம் இப்போதே பேசிவிட வேண்டும். இரண்டாவது எடை. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். பதினான்கு வயதுப் பெண் 5.5 கிலோவை ஒன்றேகால் மணி நேரம் தூக்கினால் இடுப்பு போய்விடும். நான்கு கிலோ சொச்சத்தில் தொடங்கட்டும், பிறகு எடைக்கட்டி சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, கன்னம் வைக்கும் இடமும் தோள் தாங்கும் பட் பிளேட்டும் எவ்வளவு நகர்கின்றன என்பது. வளரும் பிள்ளை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளவு மாறும்.

ஒன்றரை லட்சத்தில் புது ஐரோப்பிய ரைஃபிள் வராது. இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை தனிக் கணக்கு. அதனால் பழையதுதான் பார்ப்பீர்கள். பழையதில் முதலில் பார்க்க வேண்டியது காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. சிலிண்டரின் ஆயுள் பத்து வருடம். அது முடிந்திருந்தால் போட்டிக்கு எடுத்துப் போக முடியாது, 200 பார் அழுத்தத்தில் முகத்துக்கு அருகே வைத்துக்கொள்வதும் புத்தியில்லை. நான் வாங்கியது தேதி தாண்டியது. விற்றவர் தேதியின் மேல் அழகாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். புதுச் சிலிண்டர் ஜெர்மனியிலிருந்து வரும்வரை ரைஃபிள் ஐந்து மாதம் பீரோவில் தூங்கியது.

அடுத்தது காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல். சிலிண்டரை நிரப்பி அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்து, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் விலையும் இறங்க வேண்டும்.

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை · தண்டையார்பேட்டை

அண்ணே, இது தங்கம். காற்று எங்கே நிரப்புவது? எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. அவர்களிடம் சிலிண்டர் சிலிண்டராக ஆக்சிஜன் கிடக்கிறதே?

கடலோரம் · காசிமேடு

ஐயோ, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்! ஆக்சிஜனை உயர் அழுத்தத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கிரீஸ் உள்ள இடத்தில் செலுத்தினால் தீக்குச்சியே வேண்டாம், தானாக வெடிக்கும். ரைஃபிள் வால்வில் கிரீஸ் கட்டாயம் இருக்கும். ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது உலர்ந்த சுத்தமான காற்று மட்டும். முங்குநீச்சல்காரர்களுக்கு ஸ்கூபா சிலிண்டர் நிரப்பும் இடத்தில் கேளுங்கள். ஒரு ஸ்கூபா சிலிண்டர் இருந்தால் ரைஃபிளின் சின்னச் சிலிண்டரைப் பல தடவை நிரப்பலாம்.

கைப்பம்பும் உண்டு. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்த ஈரமெல்லாம் தண்ணீராகிச் சிலிண்டருக்குள் இறங்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாகப் பாருங்கள். இடையிடையே நிறுத்திப் பம்பை ஆறவிடுங்கள்.

இன்னொன்று, துரு. தண்டையார்பேட்டையில் கிரில் கேட் என்ன கதிக்கு ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். ரைஃபிளைச் சுட்டு முடித்ததும் உலோகப் பாகம் முழுவதும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. வியர்வைக் கை பட்ட இடத்தை இரண்டு தடவை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், மாதம் ஒரு முறை அதை வெயிலில் காய வையுங்கள். ஈரமான ஜாக்கெட்டையும் ரைஃபிளையும் ஒரே பையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். புள்ளித் திருக்கை முதுகில் இருக்குமே, அந்த மாதிரிப் புள்ளி புள்ளியாகத் துரு.

ஆக்லாந்து வாசி

ராயபுரத்தில் பிறந்து இப்போது நியூசிலாந்தில் இருக்கிறேன். சைலன்சர் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். இங்கே வேட்டை ரைஃபிளில் அது சாதாரணம். காதும் தப்பிக்கும், பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் தொல்லை இல்லை. பின்லாந்திலும் நார்வேயிலும் இதே கதைதான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் வருகிற மாதிரி ‘புஸ்’ என்ற சத்தம் எல்லாம் வராது. பெரிய ரைஃபிளின் 160 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை அது இருபது முப்பது டெசிபல் குறைக்கும். அதன் பிறகும் காது மூடி போடுவது நல்லது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் ‘சடார்’ தனியாக இருக்கும், அதைச் சைலன்சர் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டினாலும் கழற்றினாலும் குண்டு விழும் இடம் மாறும் என்பதால் குறி பார்க்கும் சைட்டை மறுபடி சரிசெய்ய வேண்டும். வசதி உண்டு, மந்திரம் இல்லை.

வண்ணை வக்கீல் · பழைய வண்ணாரப்பேட்டை

அந்த ஊர்ச் சட்டம் அந்த ஊருக்கு. நம்முடையது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதில் ‘துப்பாக்கி’ என்பதற்கான விளக்கம் 2(1)(இ) பிரிவில் இருக்கிறது. சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைப்பதற்கென்று செய்த துணைக்கருவியும் அந்த விளக்கத்துக்குள்ளேயே அடக்கம். அதாவது சைலன்சர் என்பது வெறும் குழாய் இல்லை, சட்டத்தின் கண்ணில் அதுவே ஒரு துப்பாக்கி.

‘இது ஏர் கன்னுக்குத்தானே’ என்று தப்பிக்கவும் முடியாது. அதே விளக்கம் வெடிமருந்து மட்டுமல்ல, வேறு வகை ஆற்றலால் குண்டு எறிவதையும் சேர்த்தே சொல்கிறது. ரைஃபிளுக்குக் கிடைத்த லைசென்ஸ் விலக்கு அதன் முனையில் மாட்டும் கருவிக்கும் தானாக வந்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு ‘கிளீனிங் கிட்’ என்று போட்டு விற்பதும் இதே சங்கதிதான். பிள்ளையின் விளையாட்டு எதிர்காலத்தை ஒரு குழாய்க்காக வழக்கில் மாட்டிவிடாதீர்கள்.

ஸ்பீடு சிவா

ஒரு கடை லிங்க் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால்…

நெறியாளர்

லிங்க் நீக்கப்பட்டது. சிவா, இது முதல் எச்சரிக்கை.

பத்து மீட்டர் · பெரம்பூர்

படத்தில் பார்த்த குழாய்க்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது சைலன்சர் இல்லை. உள்ளே இருக்கும் பேரல் குட்டையானது. அதன் முனையில் லேசான ஒரு வெற்றுக் குழாயை நீட்டி, அதன் நுனியில் முன் சைட்டை வைக்கிறார்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே தூரம் கூடினால் குறி பார்ப்பதில் பிழை குறையும்.   சத்தத்தைக் குறைப்பதற்காக வைப்பதில்லை. சர்வதேச ரைஃபிள் விதிகள் உதைப்பைக் குறைக்க முனையில் மாட்டும் மஸில் பிரேக், காம்பென்சேட்டர் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம், மேட்ச் ஏர் ரைஃபிளின் சத்தம் உண்மையில் சின்னது. பாட்டியைத் தூக்கிவாரிப் போடுவது முனைச் சத்தம் இல்லை, எதிரே இரும்புத் தகட்டில் பெல்லட் மோதும் ‘ணங்’.

பழைய ரைஃபிள் · ராயபுரம்

அதேதான். அதற்கு மருந்து, பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில் இருக்கிறது. மரப்பெட்டி ஒன்று செய்து, பின்புறம் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைச் சாய்வாக வைத்து, முன்னால் பழைய புடவைகளை இறுக்கி அடைத்துவிடுங்கள். ‘ணங்’ போய் ‘பொத்’ என்று ஆகிவிடும். பெட்டியைச் சுவரில் நேராக மாட்டாமல் அடியில் ரப்பர் மேட் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சுவர் வழியே அடுத்த வீட்டுக்குப் போகும். பெட்டியின் பின்னாலும் சுற்றிலும் தடித்த பிளைவுட் பலகை வேண்டும். தொடக்கத்தில் பெட்டியையே தவறவிடுவார்கள்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். தவறிய பெல்லட் தெருவைத் தாண்டி எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. மாடியில் துப்பாக்கியோடு ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்து யாராவது போலீசுக்குப் போன் போட்டாலும் தப்புச் சொல்ல முடியாது. கடற்காற்று வேறு. உங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம்தானே? வாசல் அறையிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை அளந்து பாருங்கள்.

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை · தண்டையார்பேட்டை

இப்போதே டேப் வைத்து அளந்தேன். பதினோரு மீட்டர் இருபது! நடுவில் சமையலறைக் கதவு மட்டும் குறுக்கே திறக்கிறது.

பழைய ரைஃபிள் · ராயபுரம்

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து தாழ்ப்பாள் போடுங்கள். சுடும் நேரத்தில் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று பார்ப்பது பெரியவர் வேலை. பெரியவர் இல்லாமல் ரைஃபிள் பெட்டி திறக்கவே கூடாது, சாவி உங்களிடம். சுடாத நேரமெல்லாம் பேரலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும். டார்கெட் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். அதன் மேல் மட்டும் நல்ல வெளிச்சமாக ஒரு எல்இடி விளக்கு.

கடைசியாக ஒன்று. இருக்கிற பயிற்சியிலேயே சத்தமில்லாதது டிரை. பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிக்கர் மட்டும் ‘டிக்’ என்று விழும் வசதி மேட்ச் ரைஃபிள்களில் இருக்கிறது. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குறி வைத்து, மூச்சு விட்டு, டிக். முன் சைட் அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய ஆட்டக்காரர்களும் விடாமல் செய்வது இது. வீட்டில் முக்கால் பங்கு இதையே செய்யட்டும். பாட்டி மத்தியானம் தூங்கிக்கொண்டே இருப்பார்.

கேரம் போர்டு · வியாசர்பாடி

நான் துப்பாக்கி ஆள் இல்லை, கேரம். ஆனால் டிரை என்றதும் புரிந்துவிட்டது. ஸ்டிரைக்கர் இல்லாமல் விரலை மட்டும் சுண்டிப் பழக எங்கள் மாஸ்டர் ஒரு மாதம் வைத்திருந்தார்.

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை · தண்டையார்பேட்டை

கிளப்பில் சேர்த்துவிட்டேன். இனி குண்டு பற்றிச் சொல்லுங்கள்.

பத்து மீட்டர் · பெரம்பூர்

10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட் மட்டும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், மதிப்பெண் பார்ப்பது சுலபம். கூர்த்தலை கிழித்துக்கொண்டு போகும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்டு என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச் எல்லாம் பெயர் பெற்றவை. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் போட்டிருப்பார்கள். எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் பேரலிடம் கேளுங்கள். ரைஃபிளைப் பிடிமானத்தில் இறுக்கிக் கட்டி, ஒரே அட்டையில் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டையின் வெளி அகலத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். கையில் பிடித்துச் சுட்டுப் பார்த்தால் சோதிப்பது உங்கள் மகளை, பெல்லட்டை இல்லை.

பொருந்துகிற டப்பா கிடைத்ததும் அதே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) எண்ணில் நாலைந்து டப்பா வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு நூறு என்றால் ஐந்நூறு டப்பா ஐந்து நாள். பயிற்சிக்கு மலிவானதும் போட்டிக்குச் சோதித்ததும் என்று பிரித்துக்கொள்ளலாம். பெல்லட் முழுக்க ஈயம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியில் கை வைக்கக் கூடாது.

ஆக்லாந்து வாசி

பின்னாளில் பாயிண்ட் 22-க்குப் போனால் இதே லாட் கதை இன்னும் தீவிரம். ஈலி, லாபுவா மாதிரி நிறுவனங்கள் ரைஃபிளைக் கொண்டுவரச் சொல்லி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அங்கேயும் வேகம் குறைவானதே மேட்ச் குண்டு, வினாடிக்கு 330 மீட்டர் அளவில். ஒலி வேகத்தைத் தாண்டிப் போய், வழியில் மெதுவாகி மறுபடி அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தள்ளாடும். அதைத் தவிர்க்கத்தான். பூஜ்யம் டிகிரிக் குளிரில் ஒலியின் வேகமே 331, அதனால் ஐரோப்பியக் குளிர்காலத்தில் அந்தக் குண்டு எல்லைக் கோட்டிலேயே ஓடும். சென்னையில் 35 டிகிரியில் ஒலி 352 மீட்டர். இந்த ஒரு விஷயத்தில் வெயில் நமக்குச் சாதகம்.

கடலோரம் · காசிமேடு

அந்த வெயிலில் ஜாக்கெட் போட்டு நின்றவர்களிடம் போய்ச் சாதகம் என்று சொல்லிப் பாருங்கள்.

வலைக்காரர் வீட்டுப் பிள்ளை · தண்டையார்பேட்டை

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். கிளப் மூலமாகவே பழைய வால்தர் ஒன்று கிடைத்தது. சிலிண்டர் தேதியை முதலில் பார்த்தேன். இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ராத்திரி முழுக்க முள்ளும் அசையவில்லை. ஜாக்கெட் ஒரு அக்காவிடமிருந்து பழையது.

பெல்லட் சோதனையைப் போன ஞாயிறு செய்தோம். மீன்பிடித் துறைமுகப் பட்டறைக்காரர் வெர்னியர் இரவல் கொடுத்து, வேடிக்கை பார்க்கவும் வந்துவிட்டார். மூன்று டப்பா. விலை அதிகமானது 6.4 மி.மீ., நடுவிலானது 5.6, மலிவானது 7.1. நடுவிலானதில் அதே லாட்டில் நாலு டப்பா சொல்லியாயிற்று. மகள் மட்டும் மலிவான டப்பாவையும் விடமாட்டேன் என்கிறாள், அதில்தான் அவளுக்கு முதல் 10.9 விழுந்ததாம்.

பாட்டிக்குச் சத்தம் கேட்கிறதா என்று நானே போய்க் கேட்டேன். ‘என்ன சத்தம்? உங்க வீட்டு மிக்சியை முதல்ல நிறுத்து’ என்றார்.

பெட்டியில் சேர்ந்த ஈயத்தைக் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். இரண்டு கிலோ சொச்சம். கடைக்காரர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ‘இன்னா சார், இவ்ளோ பொடி ஈயத்தை வெச்சு எந்த வலைக்குக் கட்டினீங்கோ?’ என்கிறார். விளக்கம் சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.